முடி கொடுத்தவர்கள்

திருப்பதி
21-9-1959

அன்புள்ள சுந்தரி அக்காவுக்கு,

கோவர்த்தனன் எழுதுவது. போன மூன்று கடிதங்களுக்கும் உன்னிடமிருந்து பதில் இல்லை. பள்ளிக்கூடத்தில் வேலை அதிகம் என்று நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். ஆனால் தாலூகா ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு நான் இங்கே வந்ததை நீ இன்னும் மன்னிக்கவில்லை என்பது தெரியாமல் இல்லை. யார் யாரையோ பிடித்து அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவள் நீ. கோபப்பட உனக்கு உரிமை உண்டு. இந்தக் கடிதத்தையாவது கிழிக்காமல் படி, நல்ல சேதி இருக்கிறது.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் நான் நடத்துகிற இளைஞர் மன்றம் ஒரு பழைய வண்டிக் கொட்டகைதான். யாத்திரைக்காரர்களின் மூட்டையைத் தூக்கியும், ஓட்டல்களில் பாத்திரம் கழுவியும், பிளாட்பாரத்தில் படுத்தும் வளர்ந்த பையன்கள் அங்கே வருகிறார்கள். எழுதப் படிக்கச் சொல்லித் தருகிறேன். காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். போலீஸ் பிடித்துக்கொண்டு போனால் ஸ்டேஷன் வாசலில் போய் நிற்கிறேன். ஊரில் எது காணாமல் போனாலும் முதலில் பிடிபடுகிறவர்கள் இவர்கள்தான். இவர்களில் சிலர் முன்பு ஜேப்படி செய்ததும் உண்டு, உன்னிடம் மறைப்பானேன். மன்றத்துக்கு வரத் தொடங்கிய பிறகு யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

சேதிக்கு வருகிறேன். பஸ் கம்பெனி வைத்திருக்கும் அப்பாவு செட்டியார், பிரம்மோற்சவம் முடிந்ததும் எங்கள் பையன்கள் ஐந்து பேரைக் கிளீனர்களாகச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். என்னுடைய பொறுப்பில்தான். ஐவரில் மூத்தவன் ஏழுமலை, திருத்தணிப் பக்கத்துக்காரன், பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்று பேசுவான். செட்டியாரின் குமாஸ்தா அவனைச் சீண்டினார். "உங்க ஊரு மெட்ராஸ் பக்கம் போவுதாமேடா. நாளைக்கு நீ எந்த ராஜ்யத்து ஆளு?" என்றார். "பஸ்ஸு எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கம் சாமி" என்றான் இவன். செட்டியார் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடுதான் வாக்கும் கொடுத்தார்.

மாதச் சம்பளம், அக்கா. இந்தப் பையன்கள் வாழ்க்கையில் முதல்முறையாக. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பதில் போடு. இரண்டு வரி திட்டியாவது போடு.

உன் தம்பி
கோவர்த்தனன்


சித்தூர்
25-9-1959

தம்பிக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. முந்திய மூன்றையும் கிழிக்கவில்லை. பதில் போடத்தான் மனம் வரவில்லை. நீ கேட்டாய் என்பதால் முதலில் திட்டிவிடுகிறேன்.

நகரியில் நைனா தறியில் உட்கார்ந்துகொண்டு, வந்தவர் போனவரிடமெல்லாம் "எம் புள்ள சித்தூர்ல சர்க்கார் உத்தியோகம் பாத்துக்கினு கீறான்" என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரிடம் உண்மையை உடைக்கிற வேலையை எனக்கென்று வைத்துவிட்டு நீ போய்விட்டாய். ஐந்து பேருக்குப் பொறுப்பு ஏற்றிருக்கிறாயாம். சட்டைக்குப் பொத்தான் அறுந்தால் ஊசி எடுக்கத் தெரியாது உனக்கு. உனக்கு யாரடா பொறுப்பு?

இங்கே பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் ஆந்திரா, மதராஸ் எல்லைப் பேச்சுதான். எந்தக் கிராமம் அந்தப் பக்கம், எது இந்தப் பக்கம் என்று டீச்சர்கள் இரண்டு கட்சியாக உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள். நகரி இந்தப் பக்கமே நிற்கும் என்கிறார்கள். எனக்கென்னவோ எந்தப் பக்கம் நின்றாலும் நைனாவின் தறிச் சத்தம் ஒன்றாகத்தான் கேட்கும்.

உன் ஏழுமலை சொன்ன பதிலைப் படித்துவிட்டு நானும் சிரித்தேன். மறைக்கவில்லை.

ஒன்று சொல்கிறேன், கேள். புதுத் தறி போட்டாலும் புது வேலையில் சேர்ந்தாலும் நம் வீட்டு ஆண்கள் முதலில் மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். தாலூகா ஆபீஸில் சேர்ந்தபோது, அதெல்லாம் எதற்கு என்று தட்டிக் கழித்தாய். அதனால்தான் அந்த வேலை உன் கையில் நிற்கவில்லை என்பது நைனாவின் முடிவு. இந்தப் பையன்களுக்காவது முறையாகச் செய். ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு நடந்தே மலையேறு. நீயும் அவர்களோடு உட்கார்ந்து முடி கொடு. பெருமாளைக் கண்குளிரப் பார்த்துவிட்டு வந்து வேலையில் சேரட்டும்.

கோபம் பாதிதான் குறைந்திருக்கிறது.

சுந்தரி


திருப்பதி
9-10-1959

அக்கா,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நடந்ததை வரிசையாகச் சொல்லிப் பார்க்கிறேன். சொன்னால் எனக்கே புரிகிறதா என்று பார்க்கவேண்டும்.

நீ எழுதியதை மன்றத்தில் சொன்னேன். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முனிகிருஷ்ணன், ஐவரில் சின்னவன், "சார்..." என்று ஏதோ ஆரம்பித்தான். ஏழுமலை அவன் தோளில் கை வைத்து அழுத்திவிட்டு, "போலாம் சார்" என்றான். கூச்சம் என்று நினைத்தேன்.

புதன்கிழமை மலையேறினோம். அலிபிரிப் படி இவர்களுக்குப் புதிதில்லை. மற்றவர்கள் மூட்டையைச் சுமந்துகொண்டு எத்தனையோ முறை ஏறியவர்கள். அன்றைக்கு வெறுங்கையோடு ஏறினார்கள். கையை என்ன செய்வதென்றே தெரியவில்லை அவர்களுக்கு. பின்னால் கட்டினார்கள், வீசினார்கள், கடைசியில் ஒருவன் தோளை ஒருவன் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். மேலே ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்து மொட்டை அடித்துச் சந்தனம் பூசிக்கொண்டோம். தரிசன வரிசையில் சொல்லி முடியாத கூட்டம். நான் முன்னால் தள்ளப்பட்டுவிட்டேன். பெருமாளைப் பார்த்தேன், அழுதேன் என்றே சொல்லவேண்டும். வெளியே வந்தபோது ஐவரும் காத்திருந்தார்கள். "பார்த்தீர்களா?" என்று கேட்டேன். "பாத்தோம் சார்" என்றார்கள். இறங்கும் வழியெல்லாம் சிரிப்பும் கும்மாளமும்தான்.

நேற்றுக் காலையில் போலீஸ் கொட்டகைக்கு வந்து ஐந்து பேரையும் விலங்கு மாட்டி இழுத்துப் போய்விட்டது.

ஸ்டேஷனுக்கு ஓடினேன். புதன்கிழமை தரிசன வரிசையில், சன்னிதிக்குப் பக்கத்தில், ஒரு மதராஸ் அம்மாளின் தங்கச் சங்கிலி போய்விட்டதாம். இன்ஸ்பெக்டர் என் மொட்டைத் தலையைப் பார்த்துச் சிரித்தார். "ஏமய்யா, நீங்க வெளியூரு. இந்த ஊர்ல மூட்ட தூக்கற பையன் மொட்ட அடிச்சா எதுக்குன்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும்" என்றார். மொட்டைத் தலையும் சந்தனமுமாக இருப்பவனை யாத்திரைக்காரர்கள் சந்தேகிக்கமாட்டார்களாம். பக்கத்தில் படுக்க இடம் கொடுப்பார்கள், மூட்டையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போவார்கள். அதனால் ஜேப்படிக்காரர்கள் உற்சவத்துக்கு முன்னால் மொட்டை அடித்துக்கொள்வார்களாம். உள்ளூர்ப் பையன் தலையில் முடி இல்லையென்றால் அதுவே போலீசுக்குப் பாதி சாட்சி.

நான்தான் அழைத்துப் போனேன் என்று கத்தினேன். "நீங்க கூப்ட்டீங்க, சரி. அவங்களுக்கு இது தெரியும் இல்ல? ஒருத்தனாவது உங்ககிட்ட ஒரு வார்த்த சொன்னானா?" என்று கேட்டார்.

அதுதான் என்னைக் கொல்கிறது, அக்கா. ஏன் சொல்லவில்லை? தெரிந்துகொண்டே ஏன் என்னோடு வந்து தலையைக் கொடுத்தார்கள்? என்னைத் திரையாக வைத்துக்கொண்டார்களா?

மொட்டையின் அர்த்தத்தை அவர்கள் என்னிடம் மறைத்தார்கள், வரிசையில் என்னோடு இல்லை, இந்த இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்கிறார் இன்ஸ்பெக்டர். இல்லாவிட்டால் நானும் உடந்தையாம். நாளை வரச் சொல்லியிருக்கிறார். அதில் பொய்யென்று ஒரு வார்த்தை இல்லையே.

இங்கே உற்சவக் கூட்டத்தில் இடமில்லை என்று அவர்களைச் சித்தூர் ஜெயிலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். விசாரணையும் அங்கேதானாம். நீ ஒருமுறை போய்ப் பார்ப்பாயா? எனக்குத் தெரிந்தாகவேண்டும்.

கோவர்த்தனன்


சித்தூர்
12-10-1959

கோவர்த்தனா,

முதலில் ஒன்று. எதிலும் கையெழுத்துப் போடாதே. மீதியைப் பிறகு படி.

சனிக்கிழமை சாயங்காலம் உன் கடிதம் வந்தது. இன்று காலையில் தயிர்சாதம் கட்டிக்கொண்டு ஜெயிலுக்குப் போனேன். உண்மையைச் சொல்கிறேன், உன்னை ஏமாற்றிய பயல்களை நாலு கேள்வி கேட்கவேண்டும் என்றுதான் போனேன். கம்பிக்குப் பின்னால் ஐந்து மொட்டைத் தலை. அதில் உயரமாக நின்றவன் என்னைப் பார்த்ததும், "நீங்க சாரோட அக்காவா? அதே மூக்கு" என்றான். அதுதான் ஏழுமலை. அடுத்து அவன் கேட்டது, "சார் எப்டி கீறாரு? அவரயும் உள்ள வெச்சிட்டாங்களா?"

இல்லை என்றேன். ஐந்து பேரும் மூச்சு விட்டார்கள். இருந்தாலும் கேட்டேன்.

"மொட்டை அடித்தால் இந்த ஊரில் என்ன நினைப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"பிறகு ஏன்டா சொல்லவில்லை?"

அவன் தரையைப் பார்த்தான். முனிகிருஷ்ணன்தான் முந்திக்கொண்டான். "நான் சொல்லலாம்னுதாம்மா வாய தொறந்தேன். அண்ணந்தான் வேணாம்னுச்சி."

பிறகு ஏழுமலை பேசினான். நீ சொல்வாயே, பத்துக்கு ஒன்று பேசுவான் என்று. இன்றைக்குப் பத்தையும் பேசிவிட்டான். "எத்தினியோ வாட்டி மல ஏறிக்கீறேம்மா, மூட்டயோட. வாடா, சாமி பாக்கலாம்னு ஒருத்தரும் கூப்ட்டது கெடியாது. இவரு கூப்ட்டாரு. அவரும் எங்ககூடவே குந்திக்கினு மொட்ட அடிச்சிக்கிறேன்னாரு. எங்க ஊர்ல இதுக்கு அர்த்தமே வேற சார்னு அவருகிட்ட எப்டிம்மா சொல்றது? வர்றது வர்ட்டும்னு போய்ட்டோம்."

சரி, போனது போகட்டும், சாமியையாவது நன்றாகப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஐந்து தலையும் குனிந்துவிட்டது.

அவர்கள் பார்க்கவில்லை, தம்பி. வரிசையில் நீ முன்னால் போனதும், சாதா உடுப்பில் நின்ற ஒரு போலீஸ்காரர் முந்திய நாள் மூட்டை தூக்கியபோது பார்த்த இவர்களை அடையாளம் கண்டுகொண்டு வெளியே வரச் சொல்லியிருக்கிறார். ஒரு மண்டபத்து ஓரமாக உட்காரவைத்து, நீ வெளியே வருகிற வரைக்கும் கண்ணெடுக்காமல் காவல் நின்றிருக்கிறார். "அப்புறம் ஏன் அவனிடம் பார்த்தோம் என்று சொன்னீர்கள்?" என்று கேட்டேன்.

"அவரு அவ்ளோ சந்தோசமா வந்தாரும்மா" என்றான் ஏழுமலை.

பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஜெயில் மதிலோரம் ஒரு கல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். டீச்சரம்மா ஜெயில் வாசலில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நாளைக்கு ஊரே பேசும், பேசட்டும். முடி கொடுக்கச் சொன்னவள் நான். அந்த யோசனையைச் சொன்ன வாயை என்ன செய்வது?

இப்போது புத்தியோடு யோசி. சங்கிலி போனது சன்னிதிக்குப் பக்கத்தில். இவர்கள் அந்த இடம் வரை போகவே இல்லை. அதற்குச் சாட்சி இவர்களை வெளியேற்றிய அதே போலீஸ்காரர். பையன்கள் இதைச் சொன்னார்களாம், யார் காதில் வாங்குவது? அவர் திருப்பதி ஆள் இல்லை, காது மடல் கிழிந்தவர் என்கிறார்கள். உற்சவ பந்தோபஸ்துக்கு இங்கிருந்து நிறையப் பேர் போயிருந்தார்கள். தேடிப் பார்க்கிறேன். நீ அந்தத் தாளைத் தொடாதே.

அக்கா


திருப்பதி
14-10-1959

அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுச் சாயங்காலம் வந்தது. நான் சனிக்கிழமையே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

கடிதத்தைப் படித்ததும் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அந்தத் தாளைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். கோர்ட்டுக்குப் போய்விட்டது, எழுதிக் கொடுத்தது கொடுத்ததுதான் என்றார் இன்ஸ்பெக்டர். இப்போது மாற்றிச் சொன்னால் பொய் வாக்குமூலம் கொடுத்ததாக என் மேலேயே கேஸ் வருமாம். செட்டியாரிடம் போனேன். அவர் வாசலுக்குக்கூட வரவில்லை. வேலை இல்லை என்று குமாஸ்தாவிடம் சொல்லி அனுப்பிவிட்டார்.

இன்னொன்றை உன்னிடம் சொல்லாமல் இருக்கமுடியவில்லை. அன்றைக்கு மலையிலிருந்து இறங்கும்போது, பெருமாள் எப்படி இருந்தார், என்ன மாலை, தீபத்தில் முகம் எப்படித் தெரிந்தது என்று நான் பேசிக்கொண்டே வந்தேன். அவர்களும் பார்த்திருக்கிறார்களே என்ற நினைப்பில். முனிகிருஷ்ணன் என் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு, "அப்பறம் சார்?" "அப்பறம் சார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். பார்த்தவன் எதற்கடா கேட்கிறாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு வருஷம் அவர்களோடு இருந்தும் அவர்களைத் தெரியாதவன் நான். ஆனால் யாரோ ஒருவர் ஒரு கேள்வி கேட்டதும் அவர்களைத் திருடர்கள் என்று நம்ப எனக்கு ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை.

விசாரணை திங்கட்கிழமை. நான் வரமாட்டேன். அந்தத் தாளை அவர்கள் முன்னால் வாசிப்பார்கள். அப்போது அங்கே நிற்க எனக்குத் தைரியம் இல்லை.

மன்றத்தை மூடிவிடுகிறேன். கொட்டகைச் சாவியைச் சொந்தக்காரரிடம் கொடுத்துவிட்டுச் சித்தூருக்கே வந்துவிடுகிறேன். தாலூகா ஆபீஸில் மறுபடி ஏதாவது வேலை கிடைக்குமா என்று கேட்டுப் பார். நீ நினைத்தபடியே ஆகட்டும்.

கோவர்த்தனன்


சித்தூர்
19-10-1959

தம்பிக்கு,

கோர்ட்டிலிருந்து வந்து, ஐந்து பேருக்கும் சோறு போட்டு, அவர்கள் கூடத்தில் படுத்துவிட்ட பிறகு எழுதுகிறேன். ஆமாம், ஐந்து பேரும் இங்கேதான் இருக்கிறார்கள். விட்டுவிட்டார்கள்.

காது மடல் கிழிந்தவர் பெயர் எத்திராஜ். போலீஸ் லைன் வீடுகளில் விசாரித்துக் கண்டுபிடித்தேன். உற்சவம் முடிந்ததும் இங்கே திரும்பிவிட்டவருக்குக் கைதான விஷயமே தெரியாது. நான் சொன்னதும் முகம் வெளுத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். "ஆமாம்மா, நாந்தான் வெளிய ஒக்கார வெச்சேன். மொட்டய பாத்ததும் தப்பாதான் நெனைச்சேன். ஆனா அவங்க எடத்த விட்டு அசையல" என்றார். அதைக் கோர்ட்டில் வந்து சொல்லுங்கள் என்றேன். இன்ஸ்பெக்டருக்கு எதிராகச் சொன்னால் மறுநாளே தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவார்கள், மூன்று பெண்களை வைத்திருக்கிறேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் சண்டை போடவில்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர் மனைவி லட்சுமம்மாதான் கடைசியில் முடித்துவைத்தாள். "போய் சொல்லிட்டு வாய்யா. நெஜத்த சொல்ல இவ்ளோ நாளா? தெனமும் டீச்சரம்மாவுக்கு காப்பி போட என்னால ஆவாது" என்றாள்.

இன்று காலையில் அவர் வருவாரா என்று தெரியாமலே கோர்ட்டில் உட்கார்ந்திருந்தேன். மாஜிஸ்திரேட் உன் தாளை வாசித்தார். "மறைத்தார்கள்" என்கிற இடத்தில் நான் ஏழுமலை முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. கன்னத்தில் அறை வாங்கினவன் மாதிரி ஒரு நிமிஷம் நின்றான்.

"இது உண்மையா?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"நெஜம் சாமி" என்றான். "அவருக்கு ஒண்ணுமே தெரியாது. நாங்கதான் சொல்லல. அவரு தப்பா எழுதறவரு இல்ல. அவர எதுலயும் சேக்காதீங்க."

எத்திராஜ் வருவார் என்று அவனுக்குத் தெரியாதடா. தான் உள்ளே போவது நிச்சயம் என்று நினைத்துக்கொண்டு, உன்னை வெளியே தள்ளிவிட்டான். பத்தொன்பது வயசுப் பையன். அந்தக் கோர்ட்டில் படித்தவர்கள் இத்தனை பேர் இருந்தோம், என்னையும் சேர்த்து. யாருக்கும் தலை நிமிரவில்லை.

எத்திராஜ் தாமதமாக வந்தார். உடுப்பு மாட்டிக்கொண்டு, வியர்த்துக் கொட்ட, கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னார். கேஸ் தள்ளுபடி. அவரை எங்கே மாற்றப்போகிறார்களோ தெரியவில்லை. லட்சுமம்மா இப்போதே பாத்திரங்களைக் கட்டுகிறாளாம்.

தாலூகா ஆபீஸ் வேலையைப் பற்றி எழுதியிருந்தாய். கேட்கமாட்டேன். கிடைத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். நீ அந்தக் கொட்டகையை விட்டுவிட்டு இங்கே வந்து நின்றால் இந்த வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது. நைனாவிடம் நானே போய் எல்லாவற்றையும் சொல்லிக்கொள்கிறேன். என்னுடைய தம்பி என்ன உத்தியோகம் பார்க்கிறான் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது. அதை அவன் எவ்வளவு மோசமாகப் பார்த்தான் என்பதும் தெரிந்தது. போய் ஒழுங்காகப் பார்.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் அவர்களை அனுப்புகிறேன். நேராக மன்றத்துக்குத்தான் வருவார்கள். அவர்களுக்கு வேறு இடம் கிடையாது. கதவு பூட்டியிருந்தால் என் முகத்தில் விழிக்காதே.

சுந்தரி


திருப்பதி
22-10-1959

அக்காவுக்கு,

வந்து சேர்ந்தார்கள். கொட்டகை திறந்துதான் இருந்தது. உன் கடிதம் வருவதற்கு முன்பே அவர்கள் வந்து நின்றுவிட்டார்கள். சாவியை அதற்குள் கொடுக்காமல் இருந்தது என் தைரியத்தால் இல்லை. எழுந்து போய்க் கொடுக்கக்கூட முடியாமல் கிடந்தேன்.

செட்டியார் இன்னும் மனம் இறங்கவில்லை. நாளைக்கு மறுபடியும் போவேன். ஆட்களை எடுத்துக்கொள்ளும்வரை எத்திராஜ் வீட்டில் நீ உட்கார்ந்த மாதிரி அவர் வாசலில் உட்காரப்போகிறேன்.

மற்றவர்கள் அவரவர் மூலையில் உட்கார்ந்தார்கள். ஏழுமலை மட்டும் நின்றுகொண்டிருந்தான். நான் அவனிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். மன்னித்துக்கொள் என்பது எவ்வளவு சின்ன வார்த்தை என்று அப்போதுதான் தெரிந்தது. அவன்தான் பேசினான்.

"சார், ஜட்ஜி படிச்சாரு. நெஜம்தான்னு சொல்லிட்டேன். நீங்க எழுதினதுல பொய் இல்லதான்."

தலையை ஆட்டினேன்.

"ஆனா இனிமே எங்களப் பத்தி எதுலனா கையெழுத்து போடறதுக்கு முந்தி, எங்கள ஒரு வார்த்த கேளுங்க சார்."

கோபமாகச் சொல்லவில்லை, அக்கா. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். குடிக்கத் தண்ணீர் கேட்பவன் போலக் கேட்டான். கேட்கிறேன் என்றேன். சரி சார் என்று சொல்லிவிட்டுப் போய்த் தன் சிலேட்டுப் பலகையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். முதல் முறையாக, எனக்குக் கொஞ்சம் தள்ளி.

கோவர்த்தனன்